வாடகை எண்ணில் குடித்தனம் வேண்டாம்

முத்தியால்பேட்டையில் கிடந்த பழைய ஸ்கூட்டரை விற்க முகநூலில் விளம்பரம் போட்டேன். சொந்த எண்ணை ஊருக்கெல்லாம் கொடுக்க மனம் வரவில்லை. தற்காலிக எண் தரும் செயலி ஒன்றை இறக்கி, அதில் கிடைத்த அமெரிக்க எண்ணைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம், ஒரு அழைப்புகூட இல்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஐஎஸ்டி கட்டணம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. புதுச்சேரியில் +33 என்று வந்தால் பிரான்சிலிருந்து சித்தப்பாவாக இருக்கும் என்று எடுத்துவிடுவார்கள். +1 என்றால் மோசடிக்காரன்தான்.

இந்தச் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் எண்களைத்தான் தருகின்றன. உள்ளூர் வேலைக்கு அவை உதவும் என்று நம்புவதே முதல் தவறு. நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் பத்து இலக்க இந்திய எண்ணைத் தவிர வேறெதையும் போடவே முடியாது.

அதைவிட ஆபத்தானது, இலவசமாகக் கிடைக்கிறதே என்று பொது எண்களைப் பயன்படுத்துவது. சில தளங்களில் எண்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஏதாவது ஒன்றைச் சொடுக்கினால் அதற்கு வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் தெரியும். உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் தெரியும். உங்கள் ஓடிபி பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரிதான். அந்த எண்ணில் நீங்கள் கணக்குத் தொடங்கியிருந்தால், வேறொருவர் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தி, வந்து விழும் ஓடிபியைப் பார்த்து உள்ளே நுழைந்துவிடலாம்.

சரி, காசு கட்டித் தனி எண் வாங்கினால்? அதுவும் வாடகைதான். சனி ஞாயிறுக்கு நம் ஊரில் ரூம் எடுப்பவர்கள் திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல, பணம் கட்டுவதை நிறுத்தினால் எண் அடுத்தவர் கைக்குப் போகும். அந்த எண்ணில் வாட்ஸ்அப் வைத்திருந்தால் சிக்கல். புதிதாக எண் வாங்கியவர் அதில் வாட்ஸ்அப் பதிவு செய்தால் ஆறு இலக்கக் குறியீடு அவருக்குத்தான் போகும். பழைய அரட்டை அவருக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் பெயரை நம்பி யாராவது அனுப்பும் புதுச் செய்தி அவரிடம் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்பில் ரகசிய எண் (PIN) போட்டு வைத்தால் ஒரு வாரம் தடுக்கலாம், அவ்வளவுதான்.

வங்கியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். யுபிஐ செயலி உங்கள் போனில் உள்ள சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்ப்பதால், வாடகை எண் அங்கே செல்லாது. மக்கள் வழுக்கி விழுவது மின்னஞ்சலில். மீட்பு எண் கேட்கும்போது கையில் இருக்கும் தற்காலிக எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்துக் கடவுச்சொல் மறந்தால் கதவு மூடியதுதான்.

எண்ணை மறைக்கிறேன் என்று சொல்லும் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்டால், மறுத்துவிடுங்கள். மூன்று நாள் இலவசம் என்பதிலும் கவனம்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் நிறுத்தினால்தான் பணம் பிடிப்பது நிற்கும்.

யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நினைப்பும் வேண்டாம். செயலி நிறுவனத்திடம் உங்கள் ஐபி முகவரி (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தீர்கள் என்ற அடையாளம்) இருக்கும், பணம் கட்டிய விவரம் இருக்கும். இதற்கு மாற்றாக அடுத்தவர் பெயரில் சிம் வாங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மோசடியாகச் சிம் பெற்றால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பல இடங்களில் மாற்று எண்ணே தேவையில்லை. நேரு வீதிக் கடையில் பில் போட எண் கேட்டால், தர முடியாது என்று சொல்லலாம்; கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. சிக்னல் என்ற அரட்டைச் செயலியில் 2024 முதல் பயனர்பெயர் வைத்துக்கொண்டு எண்ணை மறைக்கலாம். டெலிகிராமிலும் எண்ணை யாருக்கும் காட்டாதபடி அமைக்கலாம்.

விற்பனை, வீட்டு வாடகை, வரன் தேடுவது போன்றவற்றுக்கு நம் பெயரிலேயே இரண்டாவது சிம் ஒன்று போதும். ஒருவர் 9 சிம் வரை வைத்திருக்கலாம். ஆனால் 90 நாள் பயன்படுத்தாமல் போட்டுவிட்டால் இணைப்பு போய்விடலாம். நானும் கடைசியில் அப்படித்தான் ஸ்கூட்டரை விற்றேன். விளம்பரத்தை எடுத்து மாதங்கள் ஆகியும் “ஆர்சி புக் இருக்கா?” என்று இன்னும் அழைப்பு வருகிறது. சிம் இருக்கும் பட்டன் போன் அலமாரியில் சைலண்டில் கிடக்கிறது.