சன்னலில் போன், அடுப்படியில் மடிக்கணினி: மலை வீட்டில் ஹாட்ஸ்பாட் அமைக்கும் முறை

கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் கைப்பேசிச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். மாடிப்படி திரும்பும் இடத்தில் கிழக்குப் பார்த்த சிறிய சன்னல் ஒன்று உண்டு. அதன் கட்டையில் போனை வைத்தால் நான்கு கோடுகள் தெரியும், கையில் எடுத்துக்கொண்டு ஐந்தடி உள்ளே வந்தால் ஒரு கோடு மிஞ்சும். வீட்டில் யாருக்கு நெட் வேண்டியிருந்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் படியில் போய் உட்காருவதே பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. போன் மட்டும் சன்னலில் இருந்தால் போதும், நாம் அடுப்பங்கரைச் சூட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

அதைச் சாத்தியமாக்குவது ஹாட்ஸ்பாட். போனுக்குள் தனித்தனி ரேடியோக்கள் இருக்கின்றன: ஒன்று தொலைவில் உள்ள டவருடன் 4ஜி அல்லது 5ஜி வழியாகப் பேசுகிறது, இன்னொன்று வைஃபை வழியாக அருகில் உள்ள கருவிகளுடன் பேசுகிறது. ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் டவரிலிருந்து வரும் இணையத்தைப் போன் தன் வைஃபை வழியாக மற்றக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மின்கம்பியின் மேல் விழுந்து கரண்ட் போய், பிராட்பேண்ட் ரௌட்டர் அணைந்துவிடும் நாட்களில் இந்த வசதியின் அருமை தெரியும்.

தொடங்கும் முன் உங்கள் ரீசார்ஜ் திட்டத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டில் இணையும் ஒவ்வொரு கருவியும் அந்த ஒரே பானையிலிருந்துதான் எடுக்கிறது. 1.5 ஜிபி, 2 ஜிபி போன்ற தினசரித் திட்டங்களில் அளவு தீர்ந்ததும் வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். அது வினாடிக்கு 8 கிலோபைட்; 2 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்கவே நான்கு நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டால் நிலைமை விளங்கும்.

முதல் படி: போனுக்கு இடம் தேடுதல்

வழக்கமான விளக்கங்கள் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. சமவெளியில் அது சரியாக இருக்கலாம். மலையில் பாதி வேலை இதுதான். டவர் மேட்டின் உச்சியில் நிற்கும், வீடு மறுபுறச் சரிவில் இருக்கும், இடையில் மண்ணும் பாறையும் மறைக்கும். எனவே வீட்டின் எந்தப் பக்கம் டவர் இருக்கும் மேட்டை நேராகப் பார்க்கிறதோ அந்தப் பக்கச் சன்னல்களில் தேடலைத் தொடங்குங்கள். பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லைன் வீடுகளின் தகரக் கூரையும் சிக்னலைப் பெரிதும் தடுக்கும். மரச்சட்டமும் சாதாரணக் கண்ணாடியும் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை.

கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்திருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில் எண்ணாகத் தெரியும். அந்த எண் எப்போதும் மைனஸில் இருக்கும். பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜி-யில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை, மைனஸ் 110-க்குக் கீழே போனால் வீடியோ தடுமாறும். போனை ஒவ்வொரு சன்னலிலும் ஒரு நிமிடம் அசையாமல் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை அடி நகர்த்தினாலே எண் மாறுவதைப் பார்த்து வியப்பீர்கள்.

பனி மூடினால் சிக்னல் போய்விடும் என்று எங்கள் ஊரில் உறுதியாகச் சொல்வார்கள். கைப்பேசி பயன்படுத்தும் அலைவரிசைகளை மூடுபனி தடுப்பது மிகமிகக் குறைவு. பனியும் மழையுமான நாளில் சிக்னல் குறைவதற்கு வேறு காரணங்கள் உண்டு: மின்தடை நீண்டு டவரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், இடையில் உள்ள மரங்களின் நனைந்த இலைகள் அலையை உறிஞ்சலாம், ஒரு டவரை மற்றொரு டவருடன் இணைக்கும் உயர் அலைவரிசை நுண்ணலை இணைப்பைப் பெருமழை பலவீனப்படுத்தலாம். டவரே அணைந்திருந்தால் எந்தச் சன்னலுக்கு மாறியும் பயனில்லை. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை இரண்டாவதாக வைத்திருப்பது அப்போதுதான் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: பெயரும் கடவுச்சொல்லும்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் என்பதற்குள் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்பதைத் தேர்ந்து, அதில் வைஃபை ஹாட்ஸ்பாட் என்பதைத் தொடுங்கள். சாம்சங் போன்களில் இது கனெக்‌ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் மொபைல் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்று இருக்கும். மற்றப் போன்களில் பெயர் சற்று மாறலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஹாட்ஸ்பாட் என்று தட்டினால் நேராக அங்கே போய்விடலாம்.

அங்கே ஹாட்ஸ்பாட்டின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகிய மூன்றும் இருக்கும். பெயராக உங்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ வைக்காதீர்கள், அது அக்கம்பக்கத்தில் எல்லோருடைய திரையிலும் தெரியும். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். பழைய மடிக்கணினி இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள். பாதுகாப்பு இல்லை என்ற தேர்வை ஒருபோதும் வைக்க வேண்டாம். கடவுச்சொல்லில் குறைந்தது எட்டு எழுத்துகள் வேண்டும், பன்னிரண்டு வைத்தால் நல்லது. லைன் வீடுகளில் ஒரு வீட்டு வைஃபை அடுத்த வீட்டு அடுப்படி வரை எட்டும் என்பதையும், சிம் உங்கள் பெயரில் இருப்பதால் அதன் வழியாக யார் எதைச் செய்தாலும் கேள்வி முதலில் உங்களிடமே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸ், பர்சனல் ஹாட்ஸ்பாட் என்று போனால் கடவுச்சொல்லை மாற்றலாம். ஹாட்ஸ்பாட்டின் பெயர் அங்கே இருக்காது. போனின் பெயரே ஹாட்ஸ்பாட்டின் பெயர். அதை மாற்ற ஜெனரல், அபௌட், நேம் என்று போக வேண்டும்.

மூன்றாம் படி: 2.4-ஆ, 5-ஆ

ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பேண்ட், அதாவது வைஃபையின் அலைவரிசை, என்ற ஒரு தேர்வு இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். இதை 5ஜி-யுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். 5ஜி என்பது போனுக்கும் டவருக்கும் இடையிலான விவகாரம். இது போனுக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் இடையிலானது.

போனைச் சன்னலில் விட்டுவிட்டு இரண்டு சுவர் தள்ளி உட்காரப் போகிறோம் என்பதால் என் தேர்வு 2.4 தான். மலையில் டவரிலிருந்து வரும் வேகமே குறைவாக இருக்கும்போது, வீட்டுக்குள் வேகமான பேண்டை வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பழைய கருவிகள் பல 2.4-ஐ மட்டுமே அறியும் என்பது கூடுதல் காரணம். ஐபோன் 12 முதலான மாடல்களில் இந்தத் தேர்வு மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி என்ற பெயரில் இருக்கிறது. அதை இயக்கினால் 2.4-க்கு மாறிவிடும்.

நான்காம் படி: இயக்கி இணைத்தல்

மொபைல் டேட்டாவை இயக்கி, பிறகு ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள். ஐபோனில் அலோ அதர்ஸ் டு ஜாயின் என்பதை இயக்கிவிட்டு, முதல் கருவி இணையும் வரை அந்தத் திரையை மூடாமல் வைத்திருப்பது நல்லது. மடிக்கணினியில் வைஃபை சின்னத்தைத் தொட்டு, பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லைத் தட்டினால் இணைந்துவிடும். இன்னொரு போனை இணைப்பதென்றால், ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் பக்கத்தில் க்யூஆர் குறியீடு இருந்தால் அதை அந்தப் போனின் கேமராவுக்குக் காட்டினாலே போதும்.

ஐந்தாம் படி: டேட்டாவுக்கு அணை கட்டுதல்

சென்ற ஆண்டு ஒரு காலை அக்கா மகளுக்கு இணைய வகுப்பு இருந்தது. ஏழு மணிக்கே ஹாட்ஸ்பாட்டை இயக்கி மடிக்கணினியை இணைத்து வைத்துவிட்டு, வாடகை வண்டியில் பசுந்தேயிலை மூட்டைகளை ஏற்றி அனுப்பப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, “மாமா, சார் குரல் விட்டுவிட்டு வருகிறது” என்றாள். அன்றைய 2 ஜிபி முழுவதும் தீர்ந்திருந்தது. பல மாதங்களாக நெட்டைக் காணாதிருந்த அந்த மடிக்கணினி, வைஃபை கிடைத்த மகிழ்ச்சியில் தேங்கிக் கிடந்த அப்டேட்டுகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தது. குற்றம் என்னுடையதுதான், ஒரு பொத்தானை மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது.

மடிக்கணினியைப் பொறுத்தவரை வைஃபை என்றால் அளவில்லாத இணையம். அது அப்படி அல்ல என்று நாம்தான் சொல்ல வேண்டும். விண்டோஸில் இணைந்திருக்கும் வைஃபையின் பண்புகள் பக்கத்தைத் திறந்து மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை இயக்குங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் நின்றுவிடும். இணையும் கருவி ஐபோனாக இருந்தால் அந்த வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு லோ டேட்டா மோடு என்பதை இயக்கலாம். இணையும் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை விவரப் பக்கத்தில் ட்ரீட் அஸ் மீட்டர்டு என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் வைஃபை இருக்கும்போது படங்களும் வீடியோக்களும் தானாக இறங்கும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் குடும்பக் குழுவின் காலை வணக்க வீடியோக்களே பாதி டேட்டாவைத் தின்றுவிடும்.

வீடியோவை 480பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ அரை ஜிபி செலவாகும்; 1080பி-யில் அது ஒன்றரை ஜிபியைத் தாண்டிவிடக்கூடும். டிவியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் அது பெரும்பாலும் தானாகவே உயர்ந்த தரத்துக்குத் தாவும் என்பதால் நான் இணைப்பதே இல்லை. வகுப்பின்போது கேமராவை அணைத்து வைத்தால் அனுப்பும் பக்கத்தில் கணிசமாக மிச்சமாகும்.

சூடும் குளிரும்

ஹாட்ஸ்பாட் ஓடும்போது இரண்டு ரேடியோக்களும் இடைவிடாமல் வேலை செய்வதால் போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். சிக்னல் பலவீனமாக இருந்தால் டவரை எட்டப் போன் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருப்பதால் இரண்டும் கூடும். நல்ல சன்னலைத் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட நேர வேலையென்றால் சார்ஜரிலோ பவர் பேங்கிலோ இணைத்து, கனத்த உறையைக் கழற்றி வையுங்கள். குளிர்ப் பிரதேசம்தானே என்று வெயில் விழும் கண்ணாடி ஓரத்தில் விட்டுவிட வேண்டாம். ஐபோனுக்கு அதன் நிறுவனம் சொல்லும் வெப்ப எல்லை 0 முதல் 35 டிகிரி வரைதான், கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் அது எளிதில் தாண்டிவிடும்.

இதற்கு மறுபக்கம் சனவரி மாத உறைபனிக் காலை. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடுவதால், இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும் போன் திடீரென்று அணைந்துவிடலாம். ஊட்டியை அடுத்த தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும் நாட்களில் போனை இரவு முழுவதும் சன்னல் கட்டையில் விடாமல், விடிந்தபின் கொண்டுபோய் வையுங்கள். உறைநிலைக் குளிரில் சார்ஜ் போடுவதும் பேட்டரிக்கு நல்லதல்ல.

இணைந்தும் நெட் வராவிட்டால்

முதலில் ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலேயே ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே திறக்கவில்லையென்றால் சிக்கல் டவர் பக்கம் அல்லது டேட்டா தீர்ந்துவிட்டது. ஏரோப்ளேன் மோடை இயக்கிப் பத்து வினாடி கழித்து அணைத்தால் போன் டவரைப் புதிதாகத் தேடும். 5ஜி-யும் 4ஜி-யும் மாறி மாறி வந்து இணைப்பு அறுந்தால், பிரிஃபர்டு நெட்வொர்க் டைப் என்பதில் 4ஜி-யை மட்டும் தேர்ந்தால் நிலைபெறும். ஆனால் சில திட்டங்களில் 5ஜி-க்கு மட்டுமே அளவு வரம்பு இல்லை என்பதால், 4ஜி-க்கு மாறியதும் தினசரி அளவு கரையத் தொடங்கும்.

போனில் நெட் வந்து மடிக்கணினியில் மட்டும் வரவில்லையென்றால் டேட்டா சேவர் இயங்குகிறதா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது ஹாட்ஸ்பாட்டைத் தடுத்துவிடும். ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துகொண்டே இருந்தால், யாரும் இணையாதபோது தானாக அணையும் அமைப்பு காரணமாக இருக்கும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் அதை நிறுத்தலாம். இரண்டு சிம் உள்ள போனில், டேட்டா இல்லாத மற்ற சிம்முக்கு அழைப்பு வந்து பேசினால் நெட் அறுந்துபோவது சாதாரணம். வகுப்போ கூட்டமோ இருக்கும் நேரத்தில் அந்தச் சிம்மைத் தற்காலிகமாக அணைத்து வையுங்கள்.

வைஃபை இணைய மறுத்தால், ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பக்கத்தில், நெட்டை ப்ளூடூத் வழியாகப் பகிரும் ப்ளூடூத் டெதரிங் இருக்கிறது. அது சார்ஜை மிச்சப்படுத்தும், ஆனால் மின்னஞ்சலுக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும்தான் உதவும். வீடியோ வகுப்புக்குத் தாங்காது.

சீசனில் விருந்தினர் வந்து தங்கும் வீடாக இருந்தால், அவர்களுக்குக் கொடுத்த கடவுச்சொல்லை அவர்கள் கிளம்பியதும் மாற்றிவிடுங்கள். மாற்றியபின் உங்கள் மடிக்கணினியில் பழைய இணைப்பை மறக்கச் செய்து புதிதாக இணைக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, சன்னலில் இருக்கும் போனை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை அதிகம்.