செயின்ட் ஹெலன்ஸில் மே மாத ஸ்கி டூரிங்: முதல் முறை போகிறவர்களுக்கு

லிஃப்ட் இல்லாமல் ஸ்கியிலேயே மலையேறி, சறுக்கி இறங்குவதுதான் ஸ்கி டூரிங். ரிசார்ட் லிஃப்ட்டுகள் நின்ற பிறகும் வாஷிங்டன் மாநிலத்து எரிமலைகளில் ஸ்கி செய்யப் பனி இருக்கும். அவற்றில் முதல் முறை ஏறுவதற்கு ஏற்றது செயின்ட் ஹெலன்ஸின் தெற்குப் பக்கம், வோர்ம் ஃப்ளோஸ் பாதை. கயிறு கட்டத் தேவையில்லை, பனியாற்று வெடிப்புகள் குறுக்கிடுவதில்லை, மரக்கோட்டைத் தாண்டிவிட்டால் போகவேண்டிய இடம் கண்முன்னே தெரியும். 1980 மே 18 அன்று வெடித்தபோது உச்சியே பறந்துபோனதால் 9,677 அடியாக இருந்த மலை இப்போது 8,363 அடி. பாதை தொடங்கும் வண்டி நிறுத்துமிடமான மார்பிள் மவுண்டன் ஸ்னோ-பார்க் 2,700 அடியில் இருக்கிறது. ஆக ஏற்றம் சுமார் 5,700 அடி, போகவர 12 மைல். மேல்பகுதிச் சரிவில் நிதானமாக இறங்க, ரிசார்ட்டில் கருப்பு வைரக் குறியிட்ட கடினமான தடத்தில் பதறாமல் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

பனியில் புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன், மண்வாரி, துழாவு கம்பி மூன்றும் கையில் இருக்கின்றன, பயன்படுத்தவும் பழகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பழகவில்லை என்றால் முதலில் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு. மற்றதெல்லாம் பிறகு.

அனுமதிச் சீட்டு

ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை 4,800 அடிக்கு மேல் போக ஆளுக்கொரு சீட்டு வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு. மே 14 வரை நாளுக்கு 350 பேர், 15-ம் தேதியிலிருந்து 110 பேர்தான். பனி நன்றாக இருக்கும் நேரத்தில் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதால், சனிக்கிழமை வேண்டுமென்றால் சீட்டு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு தேதிகள் எடுத்து வைப்பது வீண்செலவல்ல. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

முதல் கேள்வி: நேற்றிரவு உறைந்ததா?

குளிர்காலத்தில் புதுப்பனி எவ்வளவு விழுந்தது என்று பார்ப்போம். மே மாதத்தில் பார்க்க வேண்டியது இரவு உறைவு. பகலில் உருகி இரவில் இறுகி, இப்படிச் சில நாள் நடந்தால் பனி உருண்டையான பெரிய மணிகளாக மாறும். காலையில் சிமென்ட் தரை மாதிரி இருக்கும். வெயில் ஏறியதும் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும், அடியில் கெட்டியாகவே இருக்கும். இதைத்தான் கார்ன் என்கிறார்கள். இன்னும் ஒரு மணிநேரம் விட்டால் அடிவரை சொதசொதவென்று ஆகி, கால் புதையும். ஈரப் பனிச்சரிவுக்கும் அதுதான் நேரம்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேகமில்லாத, காற்றில் ஈரமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது காற்று 2 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் காற்று பூஜ்யத்துக்கு வந்தாலும் மேலே அப்பளம் போல ஒரு தோல்தான் கட்டும். ஆகவே தேசிய வானிலைச் சேவையின் மணிவாரி முன்கணிப்பில், மலையின் நடு உயரத்தைச் சொடுக்கி, இரவு மேகமூட்ட சதவீதத்தைப் பாருங்கள். மலையின் தெற்குப் பக்கத்திலேயே ஜூன் லேக், ஸ்விஃப்ட் க்ரீக் என்று ஸ்னோடெல் எனப்படும் இரண்டு தானியங்கிப் பனி அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் முந்தைய இரவுகளின் அளவையும் பாருங்கள். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உறையவில்லை என்றால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். இரண்டாவது சீட்டு இதற்குத்தான். பருவம் முடியும்போது தினசரி பனிச்சரிவு அறிக்கையும் நின்றுவிடும், உங்களுக்காக வேறு யாரும் முடிவெடுக்க மாட்டார்கள்.

நேரில் சோதிக்கும் வழி எளிது. பனி தொடங்கும் இடத்தில், மிதிபட்ட தடத்தை விட்டு விலகி, ஸ்கி போடாமல் பூட்டோடு பத்தடி நடந்து பாருங்கள். மேலேயே நின்றால் போகலாம். கணுக்கால் வரை இறங்கினால் உறைவு போதவில்லை, மேலே போகப் போகத் திரும்பச் சோதியுங்கள், சரிவு செங்குத்தாகும் முன் முடிவெடுங்கள். விடியற்காலையிலேயே முழங்கால் வரை போனால் வண்டிக்குத் திரும்புங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

இந்தச் சரிவு தெற்கும் தென்கிழக்குமாகப் பார்த்திருக்கிறது. தெளிவான மே மாத நாளில் மேல்பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மணிக்குள் பதத்துக்கு வரும். புதியவர் மணிக்கு 1,000 அடி ஏறுவார். 5,700 அடிக்கு ஏறக்குறைய ஆறு மணிநேரம், ஓய்வுக்கு முக்கால் மணி. எனவே பத்தே முக்கால் மணிக்கு மேலே நிற்க வேண்டுமானால் அதிகாலை 4 மணிக்கு வண்டியை விட்டுக் கிளம்ப வேண்டும். 'ஆறு மணிக்குக் கிளம்பி வேகமாக ஏறிவிடலாம்' என்பது நடக்காத காரியம்.

திரும்பும் நேரத்தை முந்தைய நாளே முடிவு செய்து எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். நான் 11:30 என்று வைப்பேன். எங்கே நின்றாலும் சரி, அந்த நேரத்தில் ஸ்கின்னை, அதாவது ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கியின் அடியில் ஒட்டும் ரோமப் பட்டையை, கழற்ற வேண்டும். மேலே காற்று வீசினால் உச்சிப்பகுதி மதியம் வரை இளகாது, அதற்குள் கீழே எல்லாம் கரைந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் மேலே காத்திருக்காதீர்கள். கடைசி 500 அடியைக் கெட்டிப் பனியில் பக்கவாட்டாகச் சறுக்கியோ கிராம்பான் (பூட்டுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) போட்டு நடந்தோ இறங்குவது அழகாக இருக்காது, ஆனால் கீழே நல்ல பனி கிடைக்கும்.

ஸ்கின்

மோஹேர் என்னும் ஆட்டு ரோமமும் நைலானும் கலந்தது போதும். சுத்த மோஹேர் நன்றாக வழுக்கும், ஆனால் கெட்டிப் பனியில் புதியவர்களுக்குப் பின்வாங்கும். ஓரங்களில் இரும்பு விளிம்பு முழுதாகத் தெரியும்படி வெட்டியிருக்க வேண்டும்.

இந்தப் பருவத்தின் பெருந்தொல்லை, ஸ்கின்னுக்கு அடியில் பனி உருண்டு கட்டிக்கொள்வது. வெயில் பட்ட ஈரப்பனியில் நனைந்த ஸ்கின், மர நிழலில் கிடக்கும் குளிர்ந்த பனியில் பட்டதும் உறைந்து கட்டி சேரும். ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ தொங்கும். வந்த பிறகு சுரண்டுவதைவிட, வீட்டிலேயே ஸ்கின் மெழுகை முடி படுத்திருக்கும் திசையில், மூக்கிலிருந்து வால் வரை, அழுத்தித் தேயுங்கள். மெழுகுக் கட்டி சட்டைப்பையில் இருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம்.

ஸ்கி கிராம்பான்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

பூட்டுக்கு அடியில், ஸ்கியின் இருபுறமும் பனியைக் கவ்வும்படி மாட்டும் பல் தகடு இது. அதிகாலைச் சரிவில் இது இல்லாமல் போகாதீர்கள். 'ஸ்கின் பிடித்துக்கொள்ளும்' என்று சொல்பவர்கள் மதியம் ஏறியிருப்பார்கள். வாங்கும்போது இரண்டு விஷயம். பூட் மாட்டும் பைண்டிங்கில் அதற்கான பள்ளம் இருக்கிறதா, அதே வகைக் கிராம்பான்தானா என்று பாருங்கள். அகலம் ஸ்கியின் நடுப்பகுதியான இடுப்பைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்க வேண்டும்: 95 மி.மீ. ஸ்கிக்கு 100 போதும். 120 வாங்கினால் பல் வெளியே நீட்டிக்கொண்டு, பக்கவாட்டுச் சரிவில் வளையும்.

மாட்ட வேண்டிய இடம் சமதளம். ஸ்கி கீறத் தொடங்கியபின், சாய்ந்த ஐஸில் ஒற்றைக்காலில் நின்று மாட்டப் பார்த்தால் கிராம்பான் கைநழுவிக் கீழே போகும். மரக்கோடு முடியும் இடத்திலேயே மாட்டிவிடுங்கள், கொஞ்ச தூரம் அநாவசியமாக இருந்தாலும் பரவாயில்லை.

மாட்டியும் ஏன் வழுக்குகிறது? பதில் பெரும்பாலும் குதிகால் உயர்த்தியில், அதாவது செங்குத்தில் குதிகாலைத் தாங்கப் பைண்டிங்கில் இருக்கும் தாங்கியில், இருக்கும். பூட்டின் முனையை இரண்டு ஊசிப் பின்கள் பிடிக்கும் 'பின்' வகை பைண்டிங்கில் கிராம்பான் உங்கள் பூட்டோடு சேர்ந்து ஆடும். குதிகால் கீழே வரும்போதுதான் பூட் அதை அழுத்திப் பனிக்குள் இறக்கும். உயர்த்தியை மேல் நிலையில் வைத்தால் குதிகால் பாதி வழியிலேயே நின்றுவிடும், பல்லும் பாதிதான் இறங்கும். சரிவு கூடக் கூட உயர்த்தியை ஏற்றத்தான் கை போகும். கிராம்பான் தேவைப்படுவதும் அதே இடத்தில்தான். எனவே கிராம்பான் போட்டால் உயர்த்தி கீழே, அதிகம் போனால் நடு நிலை. கெண்டைக்கால் இழுக்கும். அதற்கு மருந்து, தடத்தைச் செங்குத்தாகப் போடாமல் நீண்ட வளைவுகளாகக் கோணலாகப் போடுவதுதான்.

சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான்கு அடி எடுத்துவைத்துத் திரும்பிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தெரிந்தால் பல் இறங்குகிறது. வெறும் கீறல் தெரிந்தால் உயர்த்தியை இறக்குங்கள். மேல்பக்கம் மட்டும் குழி இருந்தால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்: கணுக்காலைச் சரிவின் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, ஸ்கி பனிமேல் முழுதாகப் படும்படி நில்லுங்கள். ஸ்கியைத் தூக்கி வைக்காமல் இழுத்துப் போகும் பழக்கம் இருந்தால், கிராம்பானோடு மட்டும் ஒவ்வோர் அடியும் லேசாகத் தூக்க வேண்டியிருக்கும்.

இதையும் மீறி வழுக்கினால் ஸ்கியைப் பையில் கட்டி, பூட் கிராம்பானும் ஐஸ் கோடரியுமாக நடங்கள். அதை மாற்றுவதும் நின்று மாற்றக்கூடிய இடத்தில்.

மேலே

நீங்கள் அடையும் உச்சி என்பது எரிமலை வாயின் விளிம்பு. அதில் வடக்குப் பக்கமாகப் பனி கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் ஒன்றுமில்லை, அதற்குக் கீழே செங்குத்தான பள்ளம். 2010 பிப்ரவரியில் அந்தப் பனி உடைந்து ஒருவர் உள்ளே விழுந்து இறந்தார். காலடித் தடங்கள் விளிம்புவரை போயிருப்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல. பனிக்கு அடியில் பாறை இருக்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்த்து உறுதிசெய்ய முடியாத இடத்தில் நிற்காதீர்கள். படம் கீழிருந்தே எடுக்கலாம்.

ஸ்கின் கழற்றியதும் பசைப்பக்கத்தைப் பசைப்பக்கத்தோடு மடித்து ஒட்டிவிடுங்கள். தரையில் வைத்தால் எரிமலைச் சாம்பலும் மணலும் ஒட்டி அன்றைக்கே பசை செத்துவிடும். பிறகு பைண்டிங்கின் முன்பகுதி ஸ்பிரிங்குகளுக்கு அடியில் இறுகியிருக்கும் ஐஸைக் குச்சி நுனியால் தோண்டி எடுங்கள். எடுக்காவிட்டால் பின்கள் முழுதாக மூடாது, மாட்டியது போலவே தெரியும், முதல் திருப்பத்தில் கழன்றுவிடும். மாட்டியபின் காலைத் தூக்கி இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். பைண்டிங் முன்பகுதியின் நடை நிலைத் தாழை விடுவித்து, கால் பூட்டை ஸ்கி நிலைக்கு மாற்றுங்கள். ஹெல்மெட்.

இறங்கும்போது

பதமான பனி ஓரிடத்திலேயே இருக்காது. கிழக்கு பார்த்த பக்கம் முதலில் இளகும், முதலில் கெடும். ஒரு சிறு முதுகின் இந்தப் பக்கம் ஸ்கி புதைந்தால் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். உங்கள் திருப்பத்திலிருந்து பனி உருண்டைகள் சக்கரமாக உருண்டு பெருத்துக்கொண்டே போனால், அல்லது பனி கூழாக உங்களோடு சேர்ந்து வழிந்தால், அந்தச் சரிவை விட்டு விலகி முதுகின் மேல் ஏறுங்கள். ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்க வேண்டாம்.

கீழே பள்ளங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஏறும்போதே போனில் தடத்தைப் பதிவு செய்து, சாக்லேட் ஃபால்ஸ் அருவிப் பக்கம் வந்து சேர்கிறீர்களா என்று ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒருமுறை பாருங்கள். தவறான பள்ளத்தில் இறங்கிவிட்டு, சொதசொதப் பனியில் மறுபடி ஸ்கின் போட்டு ஏறுவது கொடுமை. ஓடைமேல் பனிப் பாலங்கள் மதியம் மெலிந்திருக்கும்: ஒவ்வொருவராக, நிற்காமல். மரங்களுக்கிடையே மகரந்தமும் ஊசியிலையும் கலந்த அழுக்குப் பனி ஸ்கியைப் பிடித்து இழுக்கும், தலைகுப்புற விழவைக்கும். வெயில்கால மெழுகு தேய்த்து வந்திருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை.

*பனி எங்கிருந்து தொடங்கும்?* மே நடுவில் முதல் மைல் அல்லது இரண்டு மைல் மண்பாதையாக இருக்கலாம். ஓட்டக் காலணியில் நடந்து, பனி தொடங்கும் இடத்தில் அதை ஒரு பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிட்டு, இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் விட்டால் அணில்கள் வியர்வை உப்புக்காகக் கடித்துவிடும்.

*ஸ்கின் பாதி வழியில் ஒட்டாமல் போனால்?* ஸ்கியின் அடிப்பகுதியை உலர்ந்த துணியால் துடைத்து, பசைமேல் உள்ள நீரைக் கத்தி முதுகால் வழித்துவிட்டு ஒட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் வோலே ஸ்ட்ராப் என்னும் இழுபடும் பட்டையால் முன்னும் பின்னும் கட்டுங்கள். நான்கு ஸ்ட்ராப் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

*அன்றைக்கு எல்லோரும் கவுன் போட்டு ஏறினார்களே?* மே இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம். அன்று கவுனில் ஏறி இறங்குவது இந்த மலையின் வழக்கம். போடுவதென்றால் உள்ளே கால்சட்டையும் போடுங்கள். விழுந்து சறுக்கினால் கார்ன் பனி உப்புத்தாள் மாதிரி தோலை உரித்துவிடும்.

*எவ்வளவு தண்ணீர்?* மூன்று லிட்டர். சன்ஸ்க்ரீன் மூக்குத் துளையின் அடியிலும் தாடைக்கு அடியிலும் பூச மறக்காதீர்கள், பனியிலிருந்து வெயில் கீழிருந்தும் அடிக்கும்.

இதுதான் பருவத்தின் கடைசிப் பயணம் என்றால், ஸ்கின்னை வீட்டுக்குள் நிழலில் தொங்கவிட்டு முழுதாக உலர்த்தி, இடையில் வலைத்துணி வைத்து மடித்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பீக்கனில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.