வளவில் பாம்புக் குஞ்சு: ஓரிரவு வைத்திருந்து விடுவது எப்படி

பாம்புக் குஞ்சைக் கண்டதும் அதற்கென்று பால் வைத்திருந்தால், முதலில் அந்தப் பால் சிரட்டையை எடுத்துவிடுங்கள். பாம்புக் குஞ்சு பால் குடித்து வளரும் உயிர் அல்ல. தாகம் பொறுக்காதபோது கிடைத்த எதிலும் வாய் வைக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பால் குடிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதன் குடல் பாலைச் செரிக்காது. நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் ஆண்டுதோறும் போய்வரும் வீட்டில் வளர்ந்தவள் நான். நாகத்துக்குப் பால் வைக்கும் கையில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அன்போடுதான் இதையும் எழுதுகிறேன்.

கோடிப்பக்கத்தில் பொச்சுக் கும்பியையோ (தேங்காய் மட்டைக் குவியல்) விறகு அடுக்கையோ பழைய கிடுகுக் கட்டையோ கிளறும்போது ஒன்றரைச் சாண் நீளக் குஞ்சைக் கண்டு, அடிக்கவும் மனமில்லாமல், என்ன செய்வதென்றும் தெரியாமல் நிற்பவர்களுக்கான விளக்கம் இது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவில் அப்படி நின்றவள்தான் நானும். "அடித்துப்போடு பிள்ளை, தாய் தேடிக்கொண்டு வரும்" என்றார் அயல்வீட்டு மாமி. தாய் வராது. முட்டைக்குக் காவல் கிடக்கும் நாகம்கூடப் பொரித்து வந்த குஞ்சுக்கு இரை ஊட்டி வளர்ப்பதில்லை. முட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த நிமிடத்திலிருந்து குஞ்சு தனியாள்.

ஏன் ஓரிரவு மட்டும், வைத்து வளர்த்தால் என்ன என்று ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் கேட்டான். அவன் ஒரு கோர்ன் பாம்பு வளர்க்கிறான். அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த அந்த இனம் பல தலைமுறைகளாக மனிதர் வீட்டிலேயே பொரித்துப் பழகியது. குஞ்சாக வாங்கியபோது, உறைய வைத்த எலிக்குஞ்சை இளக்கி ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை கொடுத்தான். பெட்டியின் ஒரு முனையை 28 முதல் 30 பாகை செல்சியஸ் சூட்டிலும் மறுமுனையை 24 பாகைக்குக் கிட்டவும் வைத்திருந்தான். நன்றாகப் பார்த்தால் அது 15, 20 ஆண்டு வாழும். நம் வளவில் பொரிக்கும் சாரைக் குஞ்சு அப்படியல்ல. சிறு தவளைகளைத் தானே துரத்திப் பிடித்து உண்ணப் பிறந்தது. அடைத்து வைத்தால் இரையைத் தொடாமலே மெலிந்துபோகக்கூடும். அதோடு, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் இலங்கையின் பெரும்பாலான ஊர்வனவற்றைப் பாதுகாக்கிறது. ஆகவே செல்லப்பிராணி எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 1: தொடாமல் பாருங்கள்

"குஞ்சுதானே" என்ற சொல்லுக்குத்தான் நான் பயப்படுகிறேன். நாகக் குஞ்சு பொரித்த அன்றே படம் எடுக்கும். அன்றே அதன் பல்லில் நஞ்சும் இருக்கும். கட்டுவிரியன் குஞ்சும் அப்படித்தான். புடையனும் சுருட்டையும் முட்டையிடாமல் குட்டியாகவே ஈனுகின்றன. அந்தக் குட்டிகளுக்கும் பிறவியிலேயே நஞ்சு உண்டு. எனவே பக்கத்தில் முட்டைக்கோது கிடக்கிறதா இல்லையா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு மீற்றர் தள்ளி நின்று கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்: தலை, முதுகு, வால் மூன்றும் தெரிய வேண்டும். சாரைக் குஞ்சு மெலிந்த உடலும் பெரிய கண்ணும் உடையது. உதட்டோரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இருக்கும். உடலின் முன்பாதியில் வெளிர்நிறக் குறுக்குப் பட்டைகள் தெரியும். இவ்வளவு படித்ததும் அடையாளம் கண்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். பல்லி தேடிச் சுவரேறும் ஓநாய்ப் பாம்புக்கு நஞ்சு இல்லை; கட்டுவிரியனோ நித்திரையில் கிடப்பவரை வலிகூடத் தெரியாமல் கடித்துக் கொல்லக்கூடியது. இரண்டின் உடலிலும் பட்டைகள் உண்டு. பழகிய கண்களே தடுமாறும் இடம் அது.

மழை பெய்த மறுநாள் குளியலறைத் துவாரத்தால் வரும், மண்புழுப்போல மினுங்கும் கறுத்த உயிர் பெரும்பாலும் குஞ்சே அல்ல. அது புழுப்பாம்பு, வளர்ந்தாலும் அவ்வளவுதான். நஞ்சற்றது. ஒரு கடதாசியில் ஏந்தி ஈரமண்ணில் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரே விதிதான். பாம்புகளை உண்மையாகவே அறிந்த ஒருவர் படத்தைப் பார்த்து, நஞ்சற்றது என்று உறுதி சொன்னால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். சந்தேகம் துளி இருந்தாலும் பிள்ளைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள். குஞ்சு வீட்டுக்குள் இருந்தால் அறைக் கதவைச் சாத்தி, கதவடி இடைவெளியில் சாக்கை அடைத்துவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடித்துவிட்டால் வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், விஷக்கல் தேடி அலைய வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கடிபட்ட கையை அசைக்காமல் வைத்திருங்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ போங்கள். குஞ்சை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. எடுத்த படத்தைக் காட்டினால் போதும்.

படி 2: உண்மையிலேயே எடுக்க வேண்டுமா?

வேலியோரம் நலமாக ஊரும் குஞ்சுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, அதன் வழியிலிருந்து விலகுவதுதான். பூனை வாயிலிருந்து தப்பியது, கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் விழுந்து ஏற முடியாமல் தவிப்பது, இரவில் விறாந்தைக்குள் வந்துவிட்டது, மாரி வெள்ளத்தில் அடித்து வந்தது: இவற்றுக்குத்தான் ஓரிரவுத் தங்குமிடம் வேண்டும்.

படி 3: பெட்டி

பழைய ஐஸ்கிறீம் பெட்டி, இறுக்கமாகப் பூட்டும் மூடியோடு. காற்றுத் துளைகள் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. குஞ்சின் தலை நுழையும் துளையில் உடலும் நுழைந்துவிடும். ஆணியை உள்ளிருந்து வெளியே குத்துங்கள். அப்போதுதான் பிசிர் வெளிப்பக்கம் நிற்கும், குஞ்சின் மூக்கைக் கிழிக்காது. நான் முதன்முறை வெளியிலிருந்து குத்தினேன். இரவெல்லாம் வழி தேடி உரசிய அந்தக் குஞ்சின் மூக்கு நுனி காலையில் சிவந்திருந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரியுங்கள். இன்னும் இரண்டு தாளைக் கசக்கி உள்ளே போடுங்கள். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால்தான் அது அடங்கும். மண்ணும் மரத்தூளும் வேண்டாம். தண்ணீருக்கு ஒரு ஜாம் போத்தல் மூடி, அரை அளவு நிரம்பினால் போதும். சிரட்டை உருண்டு கவிழும்.

பிடிப்பதற்குக் கை வேண்டாம். பெட்டியைச் சரித்து, வாய் குஞ்சின் முன்னே இருக்குமாறு வையுங்கள். பின்னாலிருந்து தும்புத்தடியால் மெல்லத் தள்ளினால் இருட்டைத் தேடித் தானே நுழையும். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அந்த மெல்லிய முள்ளெலும்பு தாங்காது.

படி 4: இரவு

ஆங்கில இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு மின்குமிழ் பொருத்தி வெப்பம் கொடுக்காதீர்கள். அது குளிர்நாட்டுத் தேவை. யாழ்ப்பாணத்தில் நாம் அஞ்ச வேண்டியது சூட்டுக்குத்தான். வெயில்பட்ட யன்னலோரத்தில் மூடிய பெட்டியை வைத்தால் சில நிமிடங்களிலேயே குஞ்சு இறந்துவிடும். தகரக்கூரையின் கீழும் வேண்டாம். வீட்டின் உள்ளறையில், சீமெந்துத் தரையில், பிள்ளைகளுக்கு எட்டாத மூலையில் வையுங்கள். பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்தக் கூடாது. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, உள்ளிச்சாறு எதுவும் அருகில் வரக் கூடாது.

எறும்பு! இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சிற்றெறும்புக் கூட்டம் ஒரு குஞ்சை ஓரிரவில் தின்றுவிடும். சீனிப் போத்தலுக்குச் செய்வதைப்போல ஓர் அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வைத்து, அதன்மேல் பெட்டியை வையுங்கள்.

இரை கொடுக்க வேண்டாம். புதுக்குஞ்சின் வயிற்றில் முட்டையின் மஞ்சட்கரு மிச்சம் இருக்கும். ஏறத்தாழ ஒரு கிழமையில், முதல் தோலை உரிக்கும்வரை அதுவே சாப்பாடு. மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். என் தங்கை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள், பாசத்தில்தான். ஒவ்வொரு முறையும் அது சுருண்டு, வாய் திறந்து, இல்லாத வலிமையைக் காட்டிப் பயந்தது.

படி 5: விடுதல்

சாரை பகலில் திரியும் பாம்பு. காலை வெயில் ஏறுமுன் விடுங்கள். ஓநாய்ப் பாம்பு இரவில் திரிவது. பொழுது பட்டபின் விடுங்கள். கண்ட இடத்துக்குக் கிட்டவே விடுவது நல்லது. ஊர் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் எங்கே ஒளிவது, எங்கே தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. கல் அடுக்கு, வடலிப் பற்றை, வேலியடி நல்ல இடங்கள். முதலில் சுற்றிப் பாருங்கள். செண்பகப் பறவை நடமாடினால், கோழிகள் கிளறிக்கொண்டு நின்றால் அவை போகட்டும். பெட்டியைச் சரித்துத் திறந்துவிட்டு ஐந்தாறு அடி பின்னால் வாருங்கள். சில வேளை கால்மணி நேரம் அசையாது. தட்டாதீர்கள்.

முட்டையாகவே கண்டால்

கதவிடுக்கில் இருக்கும் உருண்டையான, கோது உடையும் முட்டைகள் பல்லியுடையவை. பாம்பு முட்டை நீள்வட்டமாக, தோல்போல மெத்தென்று, பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தாய் நாகம் அருகிலேயே இருக்கக்கூடும். கையை நீட்டாமல் பின்வாங்கி, கிளறிய பொச்சை மண்வெட்டியின் நுனியால் மேலே தள்ளி மூடிவிடுங்கள். உருட்டவோ திருப்பவோ கூடாது. உள்ளே கரு மேற்பக்கத்தில் ஒட்டி வளர்கிறது, புரண்டால் இறந்துபோகலாம். அந்த இடத்தில் கட்டட வேலை நடக்கப்போகிறதென்றால் நீங்களே தோண்டி எடுக்காமல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே கோதைக் கிழித்துத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் குஞ்சை இழுக்காதீர்கள். மூக்கு நுனியிலுள்ள சிறு பல்லால் கிழித்தபின் அது அப்படியே ஒரு நாள்கூட இளைப்பாறும். அந்த நேரத்தில்தான் மீதி மஞ்சட்கருவை உள்ளிழுத்துக்கொள்கிறது.

ஒரு குஞ்சு வந்தால் கூடப்பிறந்தவையும் இரண்டொரு நாளுக்குள் வரும். அதுவரை அந்தப் பொச்சுக் கும்பியில் கை வைக்காதீர்கள். அடுப்புக்கு வேண்டுமென்றால் வேறு மூலையிலிருந்து எடுங்கள், அதுவும் கொக்கத்தடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு.