மார்பூர்கில் பயணம்: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், லான் ஆற்றங்கரையில் உள்ள சிறிய பல்கலைக்கழக நகரம் மார்பூர்க். படிக்கவோ வேலைக்கோ இங்கு வருபவர்கள் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து வீடு பிடிப்பதுதான் முதல் தவறு. பழைய நகரம் ஒரு குன்றின் சரிவிலும், பல்கலைக்கழக மருத்துவமனை ஆற்றுக்கு மறுபுறம் லான்பெர்கே மலையிலும் இருப்பதால், மூன்று கிலோமீட்டர் என்பது இறங்கும்போது ஒரு தூரம், ஏறும்போது வேறொரு தூரம். பில்கிரிம்ஸ்டைன் தெருவிலிருந்து பழைய நகரத்துக்குக் கட்டணமில்லாத மின்தூக்கி இருப்பதை அறியாமல் படியேறி மூச்சு வாங்குபவர்களும் உண்டு.

இரண்டாவது தவறு, பேருந்து எப்போதும் வரும் என்று நம்புவது. நிறுத்தத்தில் ஒட்டியுள்ள கால அட்டவணையில் வேலை நாள், சனி, ஞாயிறு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். அரசு விடுமுறை நாளுக்குப் பொதுவாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திதான் பொருந்தும். நிமிடத்தைக் குறிக்கும் எண்ணின் அருகே பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருந்தால், அதன் விளக்கத்தை அட்டவணையின் அடியில் தேடிப் படியுங்கள். 'பள்ளி நாட்களில் மட்டும்' என்றிருந்தால், கோடை விடுமுறை முழுவதும் அந்தப் பேருந்து கிடையாது. புறநகர்க் கிராமங்களில் சில வண்டிகள் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் வரும். வீடு பார்க்கப் போகும்போது குளியலறையைப் பார்ப்பதற்கு முன் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பயணச்சீட்டில் நேரும் தவறுகள் நேரடியாகப் பணத்தைக் கரைக்கும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உயர்ந்த டாய்ச்லாந்து டிக்கெட், நாடெங்கும் நகரப் பேருந்துகளிலும் வட்டார ரயில்களிலும் செல்லும். ஆனால் அதே தண்டவாளத்தில் அதே பிராங்க்பர்ட்டுக்குப் போகும் ஐசிஇ, ஐசி எனும் நெடுந்தூர ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் கட்டணமும் போய்விடும். மாணவர்களோ, பல்கலைக்கழகப் பருவக் கட்டணத்திலேயே பயணச்சீட்டு அடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் தனியாகச் சந்தா கட்டிவிடுகிறார்கள். செல்லுபடியாகும் சீட்டின்றிப் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ அபராதம். ஊருக்குப் புதிது என்ற விளக்கம் எடுபடாது.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் போக்குவரத்து விதிகள் முழுமையாகப் பொருந்தும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம்மவர்கள், காலியான தெருவில் திரும்பும்போது தம்மை அறியாமல் இடப்புறம் ஒதுங்குவதுண்டு. அடையாளப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. விளக்கில்லாமல் ஓட்டினால் 20 யூரோவும், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 55 யூரோவும் கட்ட வேண்டும்.

கார் ஓட்ட நினைப்பவர்கள் கவனிக்க: இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே செல்லும், சர்வதேச ஓட்டுநர் அனுமதி அந்தக் காலத்தை நீட்டிக்காது. அதன் பிறகு ஓட்டுவது அபராதத்தோடு முடியும் விஷயமல்ல, குற்றவியல் வழக்கு. ஜெர்மன் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டிலும் தேற வேண்டியிருப்பதாலும், தேர்வு நாள் உடனே கிடைத்துவிடாது என்பதாலும், விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.