பைருவேட் கைனேஸ் குறைபாடு: எந்தக் கோடு, எப்போது?

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை (மருத்துவப் பதிவை) படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஐ.சி.டி-10-சி.எம். பட்டியலிலிருந்து கோடு (குறியீட்டு எண்) போடுகிற புது கோடர்களுக்காக இதை எழுதுகிறேன். பைருவேட் கைனேஸ் என்ற என்சைம் குறைவதால் பரம்பரையாக வரும் இந்தச் சிவப்பணு நோய் எப்போதாவதுதான் கையில் வரும். வரும்போது தப்பாமல் போடணும்.

2021 அக்டோபர் 1-க்கு முன்பு டி55.2 போதும். அன்றிலிருந்து அது பிரிந்துவிட்டது: பைருவேட் கைனேஸுக்கு டி55.21, மற்ற கிளைகாலிட்டிக் (சர்க்கரையை உடைக்கும்) என்சைம் கோளாறுகளுக்கு டி55.29. இன்றைய சார்ட்டில் வெறும் டி55.2 போட்டால் கிளெய்ம் (இன்சூரன்ஸுக்கு அனுப்பும் பில்) திரும்பி வரும். நோயாளியைப் பார்த்த தேதிதான் கணக்கு, நாம் கோடு போடுகிற தேதி இல்லை.

பெரிய ஆபத்து 'பி.கே.டி.' என்ற சுருக்கம். கிட்னியில் நீர்க்கட்டி வரும் நோய்க்கும் டாக்டர்கள் அதையேதான் எழுதுவார்கள். அதற்கு க்யூ61 வரிசை. நான் பார்த்த ஒரு சார்ட்டில் பழைய நோய்கள் என்ற இடத்தில் இந்த மூன்றெழுத்து மட்டும்தான். மருந்துப் பட்டியலில் ஃபோலிக் ஆசிட், உடலில் மிகுந்த இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ். லேபில் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எகிறியிருந்தது. ரத்த நோய்தான் என்று மனசு சொல்லும். ஆனாலும் லேப், மருந்தை வைத்து நாமே நோயை முடிவு செய்யக்கூடாது. டாக்டருக்கு கொயரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். 'இது பைருவேட் கைனேஸ்தானே?' என்று பதிலைக் கையில் கொடுக்காமல், 'பி.கே.டி. என்பதன் விரிவு என்ன?' என்று கேளுங்கள். ஒரு குழந்தையின் ரெக்கார்டில் தப்பாக ஏறிய கிட்னி நோய் அதோடு வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டே வரும்.

மண்ணீரலை எடுத்திருந்தால் இசட்90.81 சேருங்கள். இரும்புச்சத்து மிகுந்திருந்தால் நிதானம் தேவை. திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றியதால் ஹீமோகுரோமட்டோசிஸ் (இரும்பு மிகுதி நோய்) என்று டாக்டர் எழுதியிருந்தால்தான் இ83.111. ஏனென்றால் ரத்தமே ஏற்றாதவர்களுக்கும் இந்த நோயில் இரும்பு சேரும்.

அவுட்பேஷண்ட் சார்ட்டில் 'சந்தேகம்' என்றிருந்தால் டி55.21 கூடாது, எழுதியிருக்கிற ரத்தசோகை, மஞ்சள்காமாலைக்கு டி64.9, ஆர்17 போடுங்கள். குறைபாடு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒரே ஒரு பழுதான மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு கேரியர் என்று எழுதியிருந்தால் இசட்14.8 மட்டுமே.