ஹேண்டோவரை எப்படிக் கவனித்துப் பதிவு செய்வது?

ஷிஃப்ட் மாறும்போதோ வார்டு மாறும்போதோ ஒரு நோயாளியைப் பற்றிய விவரம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. இந்த ஒப்படைப்பைத்தான் ஹேண்டோவர் என்கிறார்கள். அங்கே ஊழியர்கள் சேர்ந்து எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராய நினைக்கும் நர்சிங் மாணவர்களுக்கான குறிப்பு இது. தாள், பேனா, கடிகாரம் இருந்தால் போதும்.

1. ஒரே வகை ஹேண்டோவரை எடுங்கள்

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையை ஐசியூவில் ஒப்படைக்கும் சில நிமிடங்களை மட்டும் ஆராய்ந்தார்கள். பந்தயத்தின் நடுவே பலர் சேர்ந்து நொடிகளில் காரின் டயர்களை மாற்றும் ஃபெராரி கார் பந்தயக் குழுவிடமும் யோசனை கேட்டு, ஒப்படைக்கும் முறையை மாற்றினார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வுதான் புதியவர்களுக்கு நல்ல முன்மாதிரி.

2. அனுமதி

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்காதீர்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம். நோயாளிக்கு ஆபத்து வரும்போல் தெரிந்தால் யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் ஆய்வு இரண்டாம்பட்சம்.

3. சில நாள் சும்மா நில்லுங்கள்

யாராவது பார்த்தால் எல்லோரும் கூடுதல் கவனமாக இருப்பார்கள். உங்களைப் பார்த்துப் பழகும்வரை கிடைக்கும் பதிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. கைவேலை வேறு, பேச்சு வேறு

முக்கியமான படி இதுதான். வென்டிலேட்டர், மானிட்டர், டிரிப் மாற்றுவதில் நேர்ந்த பிழைகளை அட்டவணையின் ஒரு பத்தியிலும், சொல்லாமல் விட்ட தகவல்களை இன்னொரு பத்தியிலும் குறியுங்கள். டியூபை மாட்டிக்கொண்டிருப்பவர் காதில் அலர்ஜி விவரம் ஏறாது. அதனால்தான் லண்டனில் முதலில் கருவிகள், அப்புறம் தகவல், கடைசியில் கலந்துபேசித் திட்டம் என்று வரிசை வகுத்தார்கள். மாற்றத்துக்கு முன் 23, பின் 27 ஒப்படைப்புகளைக் கவனித்தார்கள். சராசரி கருவிப் பிழைகள் 5.42இலிருந்து 3.15 ஆகவும், விடுபட்ட தகவல்கள் 2.09இலிருந்து 1.07 ஆகவும் குறைந்தன. நேரமும் கூடவில்லை.

5. வாங்குபவரையும் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சொல்பவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்பவர் கேள்வி கேட்டாரா, கேட்டதைத் திருப்பிச் சொன்னாரா, கேஸ் ஷீட்டைப் பார்த்தாரா என்பதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் உருவான ஐ-பாஸ் (I-PASS) என்ற ஹேண்டோவர் முறையில் கேட்பவர் திருப்பிச் சொல்வது ஒரு தனிப் படியாகவே இருக்கிறது. ஓரிரு மணி நேரம் கழித்து அவரிடமே, “எதையாவது நீங்களாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததா?” என்று கேளுங்கள். தாளில் நீங்கள் குறிக்காதது அப்போது வெளிவரும்.

6. இருவராகப் பதியுங்கள்

ஒரே ஒப்படைப்பை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள். ரொம்ப வேறுபட்டால் படிவத்தில் உள்ள சொற்கள் தெளிவாக இல்லை என்று அர்த்தம். திருத்திவிட்டுத் தொடருங்கள்.

கிடைத்த அட்டவணையை மேலதிகாரிக்கு அனுப்புவதற்கு முன், அந்த வார்டு நர்சுகளிடம் காட்டுங்கள். ஒரு தகவல் ஏன் விடுபட்டது, நடுவில் போன் வந்ததா, உறவினர் கூப்பிட்டாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.