ஃபோல்டிட்டில் புரதம் மடிக்கத் தொடங்குபவருக்கு

ஃபோல்டிட் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலாளர் டேவிட் பேக்கரின் ஆய்வகமும் கணினி அறிவியல் துறையினரும் இணைந்து 2008-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலியைத் திரையில் மடித்து அதன் வடிவத்தைத் தேடும் இலவசக் கணினி விளையாட்டு ஆகும். புரதங்கள் பொதுவாக மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட வடிவத்திலேயே மடிகின்றன என்பதால், ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் கூடும்படி இதை அமைத்திருக்கிறார்கள். உயிர்வேதியியல் படிக்காதவரும் இதில் பங்கேற்கலாம்.

நிறுவியவுடன் அறிமுகப் புதிர்களை முடித்துவிடுங்கள். அவற்றைத் தாண்டிக்கொண்டு நேரே ஆய்வுப் புதிருக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளே விலகிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். திரையில் முள்முள்ளாகச் சிவந்து தெரிவது அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் இடம். சிவப்புக் குமிழி, உள்ளே வீணாகக் கிடக்கும் வெற்றிடம். புரதத்தின் முதன்மைச் சங்கிலியிலிருந்து கிளைபோல் நீட்டிக்கொண்டிருப்பவை பக்கச் சங்கிலிகள். அவற்றில் ஆரஞ்சு நிறத்தவை நீரை வெறுப்பவை, ஆகவே அவற்றை உட்புறம் திருப்ப வேண்டும். நீல நிறத்தவை நீரை நாடுபவை, அவை வெளியே இருக்கலாம். ‘ஷேக்’ என்னும் கருவி பக்கச் சங்கிலிகளை மட்டும் சரிசெய்யும், ‘விகிள்’ என்னும் கருவி முதன்மைச் சங்கிலியையும் சேர்த்து அசைக்கும்.

இவ்விரண்டையும் மாறி மாறி அழுத்தினால் மதிப்பெண் கொஞ்சம் ஏறி, ஓரிடத்தில் நின்றுவிடும். உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆரஞ்சுச் சங்கிலியை உள்ளே கொண்டுவர, அருகில் திருகுபோல் சுருண்டிருக்கும் சங்கிலிப் பகுதியை விளையாட்டிலுள்ள ரப்பர் பட்டையால் கட்டி இழுத்துப் பாருங்கள். மதிப்பெண் சட்டென்று சரியும், சிவப்பு முட்கள் முளைக்கும். பதறாமல் பட்டையை நீக்கிவிட்டு மீண்டும் ஷேக், விகிள் செய்தால், பழைய மதிப்பெண்ணைத் தாண்டுவதும் உண்டு. தாண்டாவிட்டால், சேமிக்கப்பட்டிருக்கும் சிறந்த நிலைக்குத் திரும்பிக்கொள்ளலாம். 2010-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை, இப்படித் துணிந்து கலைத்துக் கட்டும் புதிர்களில்தான் புரத வடிவத்தைக் கணிக்கும் கணினி நிரலை மனிதர் விஞ்சினர் என்று காட்டியது.

அடுத்து ஏதேனும் ஒரு குழுவில் சேருங்கள். உறுப்பினர்கள் தம் மடிப்புகளைக் குழுவுக்குள் பகிர்வார்கள். ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் தொடரலாம். அடிக்கடி செய்யும் அசைவுகளை ‘ரெசிபி’ என்னும் சிறு நிரலாக எழுதிப் பொதுவில் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. ரெசிபியை ஓடவிட்டுத் தூங்கப் போவதில் தவறில்லை, ஆனால் தொடக்க வடிவம் மோசமாக இருந்தால் எந்த ரெசிபியும் அதைக் காப்பாற்றாது.

கைமாற்றிச் செய்வதன் பலனுக்கு மேசன்-ஃபைசர் குரங்கு வைரஸின் புரோட்டியேஸ் நொதியே (புரதங்களை வெட்டும் நொதி) சான்று. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிடிகொடுக்காத அதன் கட்டமைப்புக்கு, 2011-இல் ‘கன்டெண்டர்ஸ்’ குழுவினர் மூன்றே வாரங்களில் நல்ல மாதிரி தந்தனர். ஒருவர் அமைத்ததை இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த மடல் போன்ற பகுதியை உடலோடு ஒட்டி மடித்தார். அந்த மாதிரியைக் கொண்டு எக்ஸ்-கதிர்த் தரவுகளிலிருந்து கட்டமைப்பைத் தீர்க்க முடிந்தது. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் குழுவின் பெயரும் இடம்பெற்றது.

புதிர் மூடுவதற்கு முன், மதிப்பெண்ணில் பின்தங்கினாலும் வடிவத்தில் மாறுபட்ட உங்கள் மடிப்புகளை அறிவியலாளர்களுக்கு அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். முதலிடம் பெற்ற வடிவத்தை மட்டுமே அவர்கள் தேடுவதில்லை.